ஆள் தேவைப் பதிவு போட்டும் ஆள் வரவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கோவையில் 10 பேர் முதல் 40 பேர் வரை வேலை செய்யும் பம்ப் உதிரிபாகப் பட்டறைகள், சிறு வார்ப்பாலைகள், மொத்த விற்பனைக் கடைகள் ஆகியவற்றின் உரிமையாளர்களுக்காகவும், அங்கே கணக்கையும் ஆள் சேர்ப்பையும் ஒருசேரப் பார்க்க நேர்ந்த அலுவலகப் பணியாளர்களுக்காகவும் இந்த வழிமுறை எழுதப்படுகிறது. ஏஜென்சிக்குப் பணம் கொடுக்காமல், வாட்ஸ்அப், பேஸ்புக், அரசின் வேலைவாய்ப்பு இணையதளங்கள், கூகுள் படிவம் ஆகியவற்றைக் கொண்டே ஆள் எடுக்க முடியும். ஆனால் பலன் கிடைக்காதபோது பெரும்பாலோர் செய்வது, அதே பதிவை இன்னும் பல குழுக்களில் ஒட்டுவது, அல்லது சில நூறு ரூபாய் கட்டி பேஸ்புக்கில் 'பூஸ்ட்' செய்வது. பழுது வேறு இடத்தில் இருந்தால் இவ்விரண்டாலும் கூடுதல் அழைப்புகள் வருமே தவிர, கூடுதல் ஆள் வரமாட்டார்.

முதல் வேலை: எந்தப் படியில் ஆள் குறைகிறார்கள்?

பதிவைப் பார்த்தவர்கள், தொடர்புகொண்டவர்கள், நேரில் வந்தவர்கள், வேலைக்குச் சேர்ந்தவர்கள், முதல் மாதம் தாண்டியும் தங்கியவர்கள் என்று ஐந்து எண்களை ஒரு கூகுள் ஷீட்டிலோ சாதாரண நோட்டிலோ எழுதி வையுங்கள். அழைப்பவரிடம் "எங்கே பார்த்தீங்க?" என்ற ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டு, பதிலை அவர் பெயருக்கு நேரே குறித்துக்கொள்ளுங்கள். ஓர் எடுத்துக்காட்டுக்குச் சொன்னால், 40 பேர் அழைத்து, 12 பேர் வருகிறேன் என்று சொல்லி, 2 பேர் மட்டுமே வந்திருந்தால், உங்கள் பதிவில் குறையில்லை; அழைப்புக்கும் நேர்காணலுக்கும் இடையில்தான் ஏதோ அறுந்திருக்கிறது. எந்தப் படியில் எண் திடீரென்று சரிகிறதோ, அந்தப் படிக்குரிய அறிகுறியைக் கீழே தேடிப் படித்தால் போதும். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: பதிவு போட்டுப் பல நாளாகியும் ஓர் அழைப்புகூட வரவில்லை

பதிவு உண்மையிலேயே பிறர் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதை முதலில் சோதிக்க வேண்டும். உங்கள் பேஸ்புக் கணக்கில் நண்பர்களுக்கு மட்டும் என்ற அமைப்பில் போட்ட பதிவைக் குழுக்களில் பகிர்ந்தால், உங்கள் நண்பராக இல்லாதவருக்கு இந்த உள்ளடக்கம் இப்போது கிடைக்கவில்லை என்ற செய்திதான் தெரியும். மூலப் பதிவைப் 'பொது' என்று மாற்றிய பிறகே பகிர வேண்டும். குழு நிர்வாகியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் பதிவும் இப்படித்தான்: போட்டவருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அந்தக் குழுவில் இருக்கும் வேறு யாராவது ஒருவரின் கைப்பேசியில் பதிவைத் தேடிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஒரு வாரம் காத்திருப்பவர்கள் நிறைய.

வாட்ஸ்அப்பிலும் இத்தகைய மறைவான தடைகள் உண்டு. ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட்) 256 பேர் வரை சேர்க்கலாம் என்றாலும், உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதைப் பார்க்கவும் இரு தரப்பிலும் எண் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். பதிவில் கொடுக்கும் நேரடி வாட்ஸ்அப் இணைப்பில் கைப்பேசி எண்ணுக்கு முன் 91 என்று நாட்டுக் குறியீடு இருக்க வேண்டும். கூட்டல் குறியோ 0-வோ சேர்ந்துவிட்டால் இணைப்பு திறந்தாலும் உரையாடல் தொடங்காமல் போகலாம்.

பேஸ்புக்கில் 'வேலைகள்' என்ற தனிப் பகுதியைத் தேடிக் களைத்தவர்களுக்கு ஒரு சொல்: அந்த வசதி 2022 பிப்ரவரியில் இந்தியா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளில் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய யூடியூப் விளக்கங்களை நம்பி அதைத் தேட வேண்டாம். உள்ளூர்க் குழுக்களும் உங்கள் பக்கமும் மட்டுமே மிச்சம்.

எழுத்துருவையும் பாருங்கள். அச்சகத்தில் நோட்டீஸுக்காகப் பாமினி எழுத்துருவில் தட்டிய வரிகளை அப்படியே எடுத்து ஒட்டினால், படிப்பவரின் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். எல்லாக் கைப்பேசியிலும் தெரியும் யூனிகோடு முறையில் மறுபடி தட்டுவதைத் தவிர எளிய வழி இல்லை. செய்தி முழுவதையும் படத்துக்குள் அடைத்துவிடுவதும் இதே வகைப் பிழைதான். படத்தில் இருக்கும் 'சிஎன்சி ஆபரேட்டர், கணபதி' (கணினி வழி இயங்கும் இயந்திரத்தை ஓட்டுபவர்; கணபதி கோவையின் ஒரு பகுதி) என்ற சொற்களைத் தேடுபவருக்கு உங்கள் பதிவு அகப்படுவது அரிது. படம் இருக்கட்டும், அதன் கீழே அதே விவரம் எழுத்தாகவும் இருக்கட்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அமைதி தொடர்ந்தால், இடம் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். லிங்க்ட்இன்னில் பொறியாளரும் கணக்காளரும் கிடைப்பார்கள். டர்னரையோ பேக்கிங் பணியாளரையோ அங்கே தேடுவது வீண். ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலைவாய்ப்பு இணையமும், 2015-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் தேசியத் தொழில்சேவைத் தளமும் இரு தரப்புக்கும் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார்துறை முகாம்களுக்கும் கட்டணம் கிடையாது. ஒரு மேசை போட்டு உட்கார ஓர் ஆளை அனுப்பினால் போதும். அப்னா, வொர்க்இந்தியா போன்ற வேலை தேடும் செயலிகளில் இலவச வரம்பு அடிக்கடி மாறுவதால், பதிவிடும் அன்று பார்த்துக்கொள்வதே சரி.

காலமும் ஒரு காரணம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் கோவையிலும் திருப்பூரிலும் கைதேர்ந்த ஆள் எவரும் போனஸை விட்டுவிட்டு இடம் மாறமாட்டார். அந்த மாதங்களில் வரும் மௌனத்தைப் பழுது என்று எண்ணிப் பணம் செலவழிக்காதீர்கள். போனஸ் கைக்கு வந்த பிறகுதான் ஆட்கள் அசைவார்கள். அனுபவம் தேவைப்படும் இடங்களுக்கான பதிவை அப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: அழைப்புகள் குவிகின்றன, பொருந்துபவர் ஒருவரும் இல்லை

இந்தப் பழுதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் காணப்படுவது. அநேகமாக எப்போதும் இது பதிவின் வாசகத்திலிருந்தே பிறக்கிறது. "பிரபல நிறுவனத்திற்கு ஆட்கள் உடனடியாகத் தேவை. கைநிறையச் சம்பளம். முன் அனுபவம் தேவையில்லை" என்று எழுதினால், வேலை தேடும் அத்தனை பேரும் அழைப்பார்கள், அழைத்த ஒவ்வொருவருக்கும் ஒரே விளக்கத்தைச் சொல்லி நாள் கழியும். பிறகு தொலைபேசியை எடுப்பவருக்குச் சலித்துப் போய், உரையாடல் பின்வருமாறு ஆகிவிடும்:

"ஏங்க, வேலைன்னு போட்டிருந்தீங்களே, என்ன வேலைங்க?"
"நேர்ல வாங்க, பேசிக்கலாம்."
"சம்பளம் எவ்வளவு வருங்க?"
"அதெல்லாம் ஓனர் சொல்லுவாருங்க."

நல்ல ஆள் இந்த இடத்தில் தொடர்பைத் துண்டித்துவிடுகிறார். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்து, சம்பளம் என்னவென்றே தெரியாத இடத்துக்குப் பேருந்து ஏறி வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வேறு வழியில்லாதவர் மட்டும் வருகிறார். வந்தவரைப் பார்த்து "இணையத்தில் நல்ல ஆளே கிடைப்பதில்லை" என்று முதலாளி முடிவு கட்டுகிறார்.

பதிவில் ஆறு விவரங்கள் இருந்தாக வேண்டும்: வேலையின் சரியான பெயர், ஊரும் பேருந்து நிறுத்தமும், வேலை நேரம், கைக்கு வரும் சம்பளம், கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது, தொடர்புகொள்ளும் முறையும் கடைசி நாளும். கீழ்க்கண்டது போல எழுதலாம்:

"கணபதி பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் உள்ள எங்கள் பட்டறைக்கு சிஎன்சி டர்னிங் ஆபரேட்டர் 2 பேர் தேவை. பகல், இரவு ஷிப்ட் வாரம் மாறி வரும், ஞாயிறு விடுமுறை. பிடித்தம் போகக் கையில் 17,000 முதல் 19,000 ரூபாய் வரை; ஓவர்டைம் தனி. ஆஃப்செட் போடவும் மைக்ரோமீட்டர் பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. உங்கள் பெயர், ஊர், இப்போது ஓட்டும் மெஷின் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் போதும். மாலை 6 மணிக்கு மேல் நாங்களே அழைப்போம். வேலைக்குச் சேர எந்தக் கட்டணமும் இல்லை. கடைசி நாள்: 20ஆம் தேதி."

இதில் 'ஆஃப்செட் போடவும்' (வெட்டுக்கருவியின் அளவுத் திருத்தத்தை மெஷினில் பதிவது) என்ற இரண்டு சொற்கள் செய்யும் சல்லடை வேலையை எந்தக் கட்டண மென்பொருளும் செய்யாது. தெரிந்தவருக்கு அது தன்னை அழைப்பதாகப் படும், தெரியாதவர் தாமே ஒதுங்கிக்கொள்வார். சம்பளத்தை வெளியில் எழுதினால் ஏற்கெனவே இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று பல முதலாளிகள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் புரிகிறது; ஆனால் புதிதாக வருபவருக்குப் பழையவரைவிடக் கூடுதலாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அது பதிவில் இல்லாவிட்டாலும் முதல் மாதத்திலேயே கேன்டீனில் வெளிப்பட்டுவிடும்.

'ஆண்கள் மட்டும்', '25 வயதுக்குள் மட்டும்' என்று பழக்கத்தால் எழுதும் வரிகளை நீக்கிவிடுங்கள். ஆள் எடுப்பதில் பெண்களைப் பாகுபடுத்துவதை 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே தடுத்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதைத் தடுக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, ஆளே கிடைக்கவில்லை என்று புலம்பும் ஒருவர் பாதி ஊரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது விந்தைதான்.

அனுபவசாலி என்பவரே அந்தச் சம்பளத்துக்குச் சந்தையில் இல்லை என்ற நிலையும் உண்டு. அப்போது ஐடிஐ முடித்தவரைத் தொழில் பழகுநராக (அப்ரண்டிஸ்) எடுப்பது மலிவான வழி. 4 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் விரும்பினால் பழகுநரை எடுக்கலாம். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் எடுப்பது கட்டாயம். தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கிறது.

அறிகுறி: கூகுள் படிவத்தைத் திறக்கிறார்கள், நிரப்பாமல் போய்விடுகிறார்கள்

இணைப்பை மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பாருங்கள். உள்நுழையச் சொன்னால், காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: கோப்பு பதிவேற்றும் கேள்வி இருக்கிறது, ஒருவருக்கு ஒரு பதில் என்ற அமைப்பு இயங்குகிறது, அல்லது நிறுவன மின்னஞ்சல் கணக்கில் உருவாக்கப்பட்ட படிவம் உங்கள் நிறுவனத்தாருக்கு மட்டும் என்று பூட்டப்பட்டிருக்கிறது. பயோடேட்டாவைப் படிவத்தில் கேட்பதை விட்டுவிட்டு, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டால் முதல் சிக்கல் தீர்ந்தது. படிவத்தை 'வெளியிடு' என்று அழுத்தினோமா என்பதையும் பார்க்க வேண்டும். தயாரித்து முடித்தவுடன் அது தானாகத் திறந்துவிடாது.

கேள்விகள் ஐந்துக்கு மேல் போக வேண்டாம். தந்தை பெயர், திருமண நிலை, ஆதார் எண் ஆகியவற்றை முதல் கட்டத்தில் கேட்க எந்தத் தேவையும் இல்லை. ஆதாரைக் கேட்டாலே மோசடி என்று சந்தேகிப்பவர்கள் இப்போது அதிகம், அந்தச் சந்தேகமும் சரியானதே. சேரும் நாளில்கூட, அடையாளத்தைப் பார்க்கக் கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் பல வேளைகளில் போதும். மதிப்பெண் பட்டியலை அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் காட்டச் சொன்னால் நகலைவிட நம்பகமானது.

கடைநிலைப் பணிகளுக்குப் படிவமே வேண்டாம் என்பது என் கருத்து. தட்டச்சு செய்யத் தயங்குபவரும் அரை நிமிடம் பேசி அனுப்பிவிடுவார். அந்த அரை நிமிடத்தில் அவருடைய அனுபவம் படிவத்தில் தெரிவதைவிட நன்றாகத் தெரியும்.

அறிகுறி: வருகிறேன் என்றவர்கள் நேர்காணலுக்கு வரவில்லை

"ஆள்களுக்குப் பொறுப்பில்லை" என்று முடிவு செய்யும் முன், நீங்கள் கொடுத்த நேரத்தைப் பாருங்கள். காலை 11 மணி என்றால், வேலையில் இருக்கும் ஆள் விடுப்பு எடுத்தாக வேண்டும். மாலை 6.30 அல்லது ஞாயிறு காலை என்று இரண்டு நேரங்களைக் கொடுத்து அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், தேர்ந்தெடுத்தவர் பெரும்பாலும் வருவார்.

அடுத்தது தூரம். பொள்ளாச்சியிலிருந்து காளப்பட்டிக்கு ஒருவர் நேர்காணலுக்கு வந்துவிடலாம். தினமும் காலை 8.30-க்கு வர முடியாது என்பதை அவரே பேருந்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாதி வழியில் இறங்கிவிடுவார். தொலைபேசியிலேயே, "எங்கிருந்து வர்றீங்க, எந்த பஸ்ல வருவீங்க?" என்று கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதன் லேபிள் வசதியில் 'பேசியாச்சு', 'வருகிறார்', 'வரவில்லை', 'காத்திருப்பு' என்று பிரித்து வைத்துக்கொண்டால், யாரிடம் என்ன சொன்னோம் என்ற குழப்பம் நீங்கும். விரைவுப் பதிலில் முகவரி, கூகுள் மேப் இருப்பிடம், பேருந்து எண்கள், யாரைச் சந்திக்க வேண்டும் என்ற விவரங்களைச் சேமித்து, முந்தைய நாள் மாலையில் அனுப்புங்கள். "நாளைக்கு வர்றீங்களா?" என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டு, பதில் வராதவர்களை மட்டும் அழைத்தால் போதும். அழைத்த நாளுக்கும் நேர்காணலுக்கும் இடையே மூன்று நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். அதற்குள் பக்கத்துப் பட்டறை அவரை எடுத்துக்கொண்டிருக்கும்.

அறிகுறி: வாட்ஸ்அப் எண் முடக்கப்பட்டுவிட்டது

எங்கோ விலைக்கு வாங்கிய எண் பட்டியலுக்கு மொத்தமாகச் செய்தி அனுப்பியிருப்பீர்கள், அல்லது அதிகாரபூர்வமற்ற வாட்ஸ்அப் செயலியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். பெற்றவர்களில் பலர் புகார் பொத்தானை அழுத்தினால் எண் போய்விடும். செயலியிலேயே மறுபரிசீலனை கேட்கலாம். இனி ஆள் சேர்ப்புக்குத் தனி எண் வைத்துக்கொள்ளுங்கள்; வாடிக்கையாளர் ஆர்டர் வரும் எண்ணை இந்த ஆபத்தில் விடக் கூடாது.

அறிகுறி: "இது உண்மையான வேலைதானா?" என்று கேட்கிறார்கள்

டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் பகுதிநேர வேலை என்ற பெயரில் பணம் பறிப்பது பெருகிவிட்டதால், முகவரி இல்லாத, சம்பளத்தை மிகைப்படுத்திய, உணர்ச்சிக்குறிகள் நிறைந்த பதிவு எதுவும் இப்போது மோசடியைப் போலத்தான் தோன்றும். நிறுவனத்தின் பெயர், கூகுள் மேப்பில் பதிவான இடம், வாசலில் பெயர்ப்பலகையுடன் எடுத்த ஒரு சாதாரணப் புகைப்படம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலான சந்தேகம் நீங்கும். அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் உங்களிடம் இருந்தால் அதைக் கைவிடுங்கள்; அந்தச் செய்தி குழுக்களில் பரவும் வேகத்துக்கு உங்கள் பதிவு ஈடுகொடுக்காது.

இதன் மறுபக்கமும் நடக்கிறது. உங்கள் படத்தில் இருக்கும் எண்ணை மட்டும் மாற்றி, பதிவுக் கட்டணம் என்று 500, 1,000 வசூலிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பணம் கட்டியவர் உங்கள் வாசலில் வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியவரும். அவரை விரட்டாமல், பணம் அனுப்பிய எண்ணையும் ரசீதையும் வாங்கிக்கொண்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்திலும் சரியான எண் எது என்று ஒரு பதிவு போட்டு மேலே பொருத்தி வையுங்கள்.

அறிகுறி: சேர்ந்தவர் முதல் சம்பளம் வாங்கியதும் நின்றுவிடுகிறார்

பதிவில் மொத்தச் சம்பளத்தை எழுதி, கையில் வேறு தொகையைக் கொடுத்திருப்பீர்கள். 20 பேர் உள்ள நிறுவனத்தில் வருங்கால வைப்பு நிதியும், 10 பேர் இருந்து மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவருக்கு இஎஸ்ஐயும் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கப்படும். மொத்தம் 16,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000 என்று வைத்துக்கொண்டால், வைப்பு நிதிக்கு 12 விழுக்காடாக 1,440, இஎஸ்ஐக்கு 0.75 விழுக்காடாக 120 போக, கையில் வருவது 14,440. பதிவைப் பார்த்து 16,000 என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவருக்கு இது ஏமாற்றமாகத்தான் படும். பிடித்தம் அவருடைய சேமிப்பு, மருத்துவக் காப்பு என்று அன்றைக்கு விளக்குவதால் பயனில்லை. பதிவில் இரண்டு தொகைகளையும் எழுதுங்கள். சேரும் நாளில் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கையில் கொடுங்கள்.

வேறு காரணமும் இருக்கலாம். நின்றவரை ஒரு வாரம் கழித்து அழைத்து, "என்னங்க, எங்க பக்கம் ஏதாவது குறைங்களா?" என்று கேட்டால், சூப்பர்வைசரின் பேச்சோ தண்ணீர் வசதியோ வெளியே வரும். அது பதிவை மாற்றித் தீரும் பழுதன்று.

பழையவர்கள் நிலைத்திருக்கும் இடத்தில், அவர்கள் மூலமாகவே ஆள் தேடுவது எந்தத் தளத்தையும்விட மலிவு. பதிவை அவர்களுடைய ஸ்டேட்டஸில் வைக்கச் சொல்லி, அழைத்து வந்தவருக்கு ஒரு தொகை அறிவித்து, புதியவர் மூன்று மாதம் முடித்ததும் அதைத் தவறாமல் கொடுத்துவிடுங்கள். பீகார், ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்பவர்களின் வட்டத்துக்குள் உங்கள் தமிழ்ப் பதிவு நுழையவே நுழையாது. அங்கே ஏற்கெனவே இருப்பவர் இந்தியில் பேசி அனுப்பும் ஒரு வாய்ஸ் மெசேஜ்தான் விளம்பரம்.

அறிகுறி: இடம் நிரம்பிய பிறகும் மாதக்கணக்கில் அழைப்பு வருகிறது

படத்தில் தேதி இல்லாததே காரணம். குழு குழுவாகப் போய்விட்ட படத்தைத் திரும்பப் பெற முடியாது. அடுத்த முறை கடைசி நாளைப் படத்திலேயே பெரிதாக அச்சிடுங்கள். இப்போதைக்கு, உங்கள் பக்கத்தில் உள்ள மூலப் பதிவைத் திருத்தி 'இடம் நிரம்பியது' என்று முதல் வரியில் சேர்ப்பதும், அரசுத் தளங்களில் அந்த இடத்தை மூடுவதும், வாட்ஸ்அப் பிசினஸின் வரவேற்புச் செய்தியில் இதையே தெரிவிப்பதும் போதும். அழைப்பவர்களில் பொருத்தமானவர் இருந்தால், அடுத்த முறை தகவல் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டு, சம்மதித்தவரின் எண்ணை மட்டும் 'காத்திருப்பு' லேபிளில் போட்டு வையுங்கள். உங்கள் எண்ணையும் சேமித்துக்கொள்ளச் சொல்லிவிட்டால், அடுத்த ஒலிபரப்பு அவரிடம் போய்ச் சேரும்.